ஒரே ஒரு ஹோல்டான்

துப்பக்காவுக்குத் தேடுவதுதான் தொழில். காவல் துறையில் காணாமல் போனவர்களைத் தேடும் பிரிவில் பதினாறு வருடம் இருந்தாள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து நாலு சுவரைப் பார்த்தால் போதும், அங்கே இல்லாத ஆள் எப்படி எழுந்தான், எந்தக் கையால் கதவைத் திறந்தான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். நாற்பத்திரண்டாவது வயதில் காதில் குரல்கள் வர ஆரம்பித்தன. அடுத்து, யாரும் இல்லாத சுவர்களுக்குப் பின்னால் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். மனச்சிதைவு என்று டாக்டர் சீட்டில் எழுதினார். துறை ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தது. பூ ரெண்டு நாளில் வாடியது. நோய் வாடுமா?

ஆனால் தேடத் தெரிந்தவளைத் தேடிக்கொண்டு ஆட்கள் வரத்தான் செய்தார்கள். சலவைக் கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு இரும்பு பீரோ. அதுதான் அலுவலகம். கூடவே அவள் புருஷன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாருக்கும் அவர் பேர் தெரியாது, கண்டக்டர் என்றால்தான் தெரியும். இன்ஜின் இரைச்சலுக்கும் நூறு பேர் பேச்சுக்கும் நடுவே, கடைசி சீட்டில் யாராவது "இறங்கணும்" என்று முனகினால்கூடப் பிடித்துவிடும் காது அவருக்கு.

அந்தக் காதை நம்பித்தான் ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். எது கேட்டாலும், எது தெரிந்தாலும் துப்பக்கா முதலில் நோட்டில் பென்சிலால் எழுதுவாள். பிறகு அவரைப் பார்த்து, "இருக்கா?" என்பாள். தனக்கும் கேட்டால் அவர் "ரைட்" என்பார். உடனே அதன் மேல் பேனாவால் எழுதுவாள். கேட்கவில்லையென்றால் "ஹோல்டான்" என்பார். அதன் மேல் ஒரு கோடு. அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும். ஒரு முறைதான் கேட்கலாம், ஒரு முறைதான் பதில். ரெண்டாம் முறை கேட்டால் மூன்றாம் முறை கேட்கத் தோன்றும், அதற்கு முடிவே இராது. இன்னொன்று, கேட்கும் சத்தத்துக்கு எக்காரணம் கொண்டும் பதில் கொடுக்கக் கூடாது. இது டாக்டர் சொன்னது.

"என்ன கண்டக்டரே, ரிட்டயர் ஆகியும் டியூட்டியா?" என்று சலவைக் கடைக்காரர் கேலி செய்வார்.

"பஸ்ஸுதான்யா மாறியிருக்கு. டிரைவர் கொஞ்சம் வேகம், அதான் விசில வாயிலயே வெச்சிருக்கேன்."

"ஆமா, இவரு இல்லன்னா நான் நேரா கடலுக்குள்ளதான் விடுவேன்" என்று மேலே ஜன்னலிலிருந்து துப்பக்கா குரல் கொடுப்பாள்.

இப்படியே பதினோரு வருடம் ஓடியது. அந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் முப்பத்தெட்டு பேர். உடம்பு சரியாக இருக்கிற எத்தனை பேர் இந்த உலகத்தில் முப்பத்தெட்டு பேரை வீடு சேர்த்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

ஒரே ஒரு தடவை ஏற்பாடு உடைந்தது. போன வருடம் கண்டக்டர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, காலி வீடு ஒன்றின் கதவுக்குப் பின்னால் யாரோ தட்டுவதாக அவள் தனியாகப் போய் நின்றாள். மழையில் ஏழு மணி நேரம் நின்றாள். ஆட்களைக் கூட்டிப் பூட்டை உடைக்க வைத்தாள். உள்ளே தூசியும் ஒரு உடைந்த தொட்டிலும்தான் இருந்தன. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. நாற்பது நாள். நாற்பது நாளும் கண்டக்டர் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவளைக் கட்டிலோடு கட்டிய மூன்றாம் நாள் மட்டும், வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை டாக்டர் மாத்திரையை மாற்றினார். கண்டக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு வாரம் பக்கத்துலயே இருங்க. சத்தம் கொஞ்சம் கூடலாம். எதையாவது புடிச்சிக்கிட்டு நின்னுட்டாங்கன்னா தாமதிக்காம கூட்டிட்டு வந்துடுங்க, சேத்துடலாம்" என்றார். சேர்த்துடலாம் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கண்டக்டருக்கு அந்த வராந்தா பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகப் படியேறி ஒரு பெண் வந்தாள். நாலு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். விரல் நுனியெல்லாம் கருப்பு மை. நாற்காலியில் உட்காராமலே சொன்னாள்.

"அப்பாவக் காணோம். நேத்து காலைல எட்டு மணிக்கு நான் கடைக்குக் கிளம்பறப்ப பேப்பர் படிச்சிட்டு இருந்தார். சாயங்காலம் வந்து பாத்தா போன் சார்ஜர்ல கெடக்கு, ஆள் இல்ல. வயசு எழுவத்தெட்டு."

"போலீஸ்ல?"

"சொல்லிட்டேன். கேட்டத் தாண்டிப் போறதப் பாத்தேன்னு வாட்ச்மேன் சொல்லிட்டார், அதனால வெளியதான் தேடறாங்க." அவள் குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது. "அவருக்கு தினம் ரெண்டு வேளை சர்க்கரைக்கு ஊசி போடணுங்க. ஊசி இல்லாம, சாப்பாடு தண்ணி இல்லாம எங்கயாவது விழுந்து கெடந்தார்னா மூணு நாள் தாங்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்றார். ஒரு நாள் போயிடுச்சு."

"அப்பா என்ன வேலை பாத்தார்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"கணக்கு வாத்தியார்."

"அப்ப பயப்படாதம்மா. கணக்கு வாத்தியார் விடைய தப்பா போட்டாலும் வழிமுறை சரியா இருக்கும். வழிமுறையப் புடிச்சா ஆளப் புடிச்சிடலாம்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தாள். துப்பக்கா ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வாத்தியாரும் மகளும் இருந்தது ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றில் மூன்றாவது மாடி. லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வாட்ச்மேன்.

"நேத்து எத்தனை மணிக்குப் போனார்?"

"ஒம்பது பத்துக்கு மேடம். குடையோட. நான் கையத் தூக்கினேன், அவர் தலைய ஆட்டினார்."

"முந்தாநேத்து?"

"ஒம்பது பத்து. குடையோட."

"அதுக்கு முந்தின நாள்?"

"அதே ஒம்பது பத்துதான். கடிகாரத்த அவர வெச்சு சரி பண்ணலாம் மேடம்."

"இன்னிக்கு?"

வாட்ச்மேன் "ஒம்ப" என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டார்.

படியேறும்போது துப்பக்கா புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள். "இவர் கண்ணு பாக்கலங்க. பழக்கம் பாத்திருக்கு."

வீட்டுக்குள் அவள் பத்து நிமிஷம் எதையும் தொடாமல் நின்றாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே போடும் ஷூ அலமாரியில் இருந்தது, வீட்டில் போடும் ரப்பர் செருப்பைத்தான் காணோம். மேஜை மேல் கண்ணாடிக் கூடு. திறந்தாள். உள்ளே தூரப் பார்வைக் கண்ணாடி. படிக்கிற கண்ணாடி இல்லை.

ஒவ்வொன்றுக்கும் "இருக்கா?" என்றாள். ஒவ்வொன்றுக்கும் கண்டக்டர் "ரைட்" என்றார். நாலு வரியும் பேனாவுக்கு மாறின.

"உங்க அப்பா இந்தக் கட்டிடத்த விட்டே போகலம்மா" என்றாள் துப்பக்கா. "தூரக் கண்ணாடிய விட்டுட்டு, படிக்கிற கண்ணாடிய மாட்டிக்கிட்டு யாரும் ரோட்டுக்குப் போகமாட்டாங்க. இங்கயேதான் எங்கயோ, எதையோ படிக்கப் போயிருக்கார்."

அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தைக் கண்டக்டர் பார்த்தார். காவல் துறையில் இருந்த காலத்துப் பெண்ணைப் பார்ப்பது மாதிரி இருந்தது. அதே சமயம் பயமாகவும் இருந்தது. போன வருடம் காலி வீட்டு வாசலில் நின்றபோதும் இதே வெளிச்சம்தான்.

மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம், ஒவ்வொரு மாடியின் படிக்கட்டு மூலை எல்லாம் பார்த்தார்கள். கடைசியாகப் படிக்கட்டுக்கு அடியில், தரைக்கும் கீழே இறங்குகிற பத்துப் படி. அங்கே தகரம் அடித்த கனமான கதவு. வெளியே உள்ளங்கை அகலப் பூட்டு. மேலே கூரையை ஒட்டி ஒரு இரும்புத் தண்ணீர்க் குழாய் உள்ளேயிருந்து சுவரைத் துளைத்து வந்து மாடிக்கு ஏறியது.

"பழைய சாமான் போடற ரூம்" என்றார் பின்னால் வந்த வாட்ச்மேன். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் சாமான் வெச்சிருக்கார். நேத்து பதினோரு மணிக்குப் பூட்டிட்டு சாவிய எடுத்துட்டுப் போயிட்டார். பார்ட்ஸோட வியாழக்கிழமை வரேன்னார். வெளிய பூட்டு தொங்குது, உள்ள யார் மேடம் இருப்பாங்க?"

"அவருக்கு போன் போடுங்க."

"போட்டாச்சு காலைலயே, வேற விஷயத்துக்கு. வெளியூர்ல இருக்கார், எடுக்கல. இப்பவும் போட்டுப் பாக்கறேன்." போனைக் காதில் வைத்தபடி, சிக்னலுக்காக மேலே ஏறிப் போனார். மகளும் அவர் பின்னாலேயே போனாள்.

கீழே ரெண்டு பேர் மட்டும் நின்றார்கள். துப்பக்கா கதவின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். மணி நாலு.

டிங். கொஞ்சம் விட்டு, டிங். இன்னும் கொஞ்சம் விட்டு, ஒன்று.

அவள் நோட்டை எடுத்தாள். எழுதிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"குழாய்ல தட்டற சத்தம். மூணு. இருக்கா?"

கண்டக்டருக்கும் கேட்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றும் கேட்டது. அந்தக் காதுக்குக் கேட்காமல் போகுமா?

ஆனால் அவருக்கு அந்த ஒரு நொடியில் என்னென்ன ஓடியது என்றும் கேளுங்கள். மோட்டார் போட்டால் பழைய குழாய்கள் இப்படித்தான் சத்தம் போடும், அவர்கள் வீட்டிலேயே போடும். கதவு, பூட்டு, தட்டுகிற சத்தம். போன வருடம் என்ன இருந்ததோ அதேதான், ஒன்றுகூடக் குறையவில்லை. மாத்திரை மாற்றி மூன்றாவது நாள். ரெண்டு நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. ரைட் என்று சொன்னால் இந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். பூட்டை உடைப்பார்கள். உள்ளே லிஃப்ட்காரரின் கயிறும் ஏணியும் இருக்கும். பிறகு கட்டில், கட்டு, நாற்பது நாள். இந்த முறை நாற்பதோடு நிற்குமா?

"ஹோல்டான்" என்றார்.

அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டிலோடு கட்டப்பட்ட மனைவியை ஒரு தடவை பார்த்தவருக்குத் தெரியும், வாயிலிருந்து எந்தச் சொல் வரும் என்று.

துப்பக்கா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கதவிலிருந்து கையை எடுத்து, அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டாள். அவள் கையே அதைச் செய்யப் பழகியிருந்தது.

"வாங்க, மேல போலாம்" என்றாள். நாலாவது படியில் நின்றாள். "கண்ணாடி விஷயமும் அப்படித்தான் இருக்கும்ங்க. போன வருஷமும் எங்கிட்ட ஒரு காரணம் இருந்துச்சு. என் மனசு எப்பவும் பூட்டின கதவுகிட்டதான் என்னக் கொண்டாந்து நிறுத்தும்."

"கண்ணாடிக்கு நான் ரைட் சொன்னேனே."

"கண்ணாடி இருக்குன்னுதான் சொன்னீங்க. அதுக்கு அர்த்தம் நான் சொன்னது."

அவர் அவளைத் தாண்டி முன்னால் ஏறினார். மேலே வாட்ச்மேன், லிஃப்ட்காரர் போனை எடுக்கவில்லை என்றார். துப்பக்கா மகளிடம், "வெளியவும் தேடலாம்மா" என்றாள்.

புதன்கிழமை முழுக்க வெளியே தேடினார்கள். பூங்கா, பஸ் நிலையம், மூன்று ஆஸ்பத்திரிகள். கண்டக்டர் பழைய நண்பர்களிடம் சொல்லி வைத்ததில், ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் வாத்தியாரின் படம் டிரைவர் கண்ணாடியில் செருகப்பட்டிருந்தது. துப்பக்கா யாரிடம் பேசினாலும் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். முந்தின நாள் வெளிச்சம் போய்விட்டிருந்தது.

மத்தியானம் கண்டக்டர், "கால் வலிக்குது, கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, தனியாக அந்தக் கட்டிடத்துக்குப் போனார். பத்துப் படி இறங்கிக் குழாய்மேல் காதை வைத்தார். கால் மணி நேரம். தண்ணீர் ஓடுகிற சத்தம்கூட இல்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார். கேட்டதும் வெட்கமாக இருந்தது. பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு அவருக்குப் பெரிய நிம்மதி வந்தது. குழாய்தான், வெறும் குழாய். வரும் வழியில் அவளுக்கு ரெண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு மகளின் போன் வந்தது. "வந்துட்டாரா?" என்று கண்டக்டர் கேட்டார். வாட்ச்மேன்தான் போனை வாங்கிச் சொன்னார்.

லிஃப்ட்காரர் வந்து கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே ஏணிக்குப் பின்னால், ஒரு தகரப் பெட்டியின் பக்கத்தில் வாத்தியார் கிடந்தார். பெட்டி நிறைய அவருடைய பழைய மாணவர்களின் விடைத்தாள்கள். திங்கட்கிழமை அறை திறந்திருப்பதைப் பார்த்து, ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்த பெட்டியைப் பார்க்கப் போயிருக்கிறார். பின் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவரை லிஃப்ட்காரர் பார்க்கவில்லை. விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டார். இருட்டில் எழுந்து வந்தவர் ஏணியில் இடறி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. குரல் எழுப்பத் தெம்பில்லை. கையில் ஒரு அடி நீள இரும்பு ஸ்கேல். அவருடையதுதான்.

போலீஸ் டாக்டர் பார்த்துவிட்டு, "நேத்து விடியக்காலை போயிருக்கும்" என்றார். புதன் விடியற்காலை. செவ்வாய் நாலு மணிக்கு உயிரோடு இருந்தார்.

துப்பக்கா உள்ளே போனாள். தரையை ஒட்டி ஓடிய இடத்தில் குழாயின் பச்சைப் பெயின்ட் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து, பளபளவென்று இரும்பு தெரிந்தது. சின்னச் சின்னக் குழிகள். அவள் விரலால் தடவினாள். "இருக்கா?" என்று யாரையும் கேட்கவில்லை.

வெளியே மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். "அன்னிக்கு நீங்க இந்தக் கதவுகிட்டதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"இங்கயேதான் இருக்கார்னு நீங்கதானே சொன்னீங்க. அப்பறம் ஏன் வெளிய போலாம்னீங்க?"

"பூட்டியிருந்துச்சும்மா, அதனால" என்று கண்டக்டர் குறுக்கே வந்தார். துப்பக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் அவள் நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். கோடு போட்ட வரி. 'குழாய்ல தட்டற சத்தம். மூணு.'

"ஒரு தடவதான் கேக்கணும்னு வெச்சிருக்கோம்" என்றாள். "இத மட்டும் ரெண்டாவது தடவ கேக்கறேன். உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். வயசாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது என்று சொல்லலாம். அவள் நம்பக்கூடச் செய்வாள். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் காது மட்டும் பிடித்த நிஜச் சத்தம் ஒன்று உண்டு என்று ஆகிவிடும். நாளை வருகிற ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் கதவை உடைக்கப் போவாள். உண்மையைச் சொன்னாலோ அவளுக்கு அவரே இல்லாமல் போய்விடுவார். ரெண்டு பக்கமும் இடிக்கிற பள்ளத்தில் வண்டி இறங்கிவிட்டது. முப்பது வருட சர்வீஸில் அவர் பார்க்காத பள்ளம்.

"கேட்டுச்சு" என்றார்.

"எத்தனை?"

"மூணு."

"நானும் மூணுன்னுதான் எழுதியிருக்கேன்" என்றாள். கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து பீரோவைத் திறந்து பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வந்தாள். இருபத்தாறு நோட்டு. முதலாவதைப் பிரித்தாள்.

"பஸ் நிலையத்துல ஒரு குழந்த அழுகை. கோடு போட்டிருக்கேன். இது?"

"அது நெசமாவே இல்லம்மா. சத்தியமா."

"பாலத்துக்குக் கீழ செவப்புத் துணி."

"இல்ல. நான் எறங்கியே பாத்தேன்."

"என் பேர மூணு தடவ கூப்ட்ட பொம்பள."

"யாரும் கூப்பிடல."

ஒவ்வொன்றாகப் படித்தாள். குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. ஒன்பதாவது நோட்டில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"தையல்காரர் கேஸ். ஆறு வருஷம் முன்னாடி. பழைய கிடங்குப் பக்கம் ஆம்பளக் குரல், 'தண்ணி'ன்னு. கோடு போட்டிருக்கேன். அவர் இன்னும் கெடைக்கல."

கண்டக்டர் யோசித்தார். நெற்றியை அழுத்திக்கொண்டு யோசித்தார். கிடங்கு ஞாபகம் இருந்தது. அன்று வெயில் அடித்தது ஞாபகம் இருந்தது. அவளுக்குத் தலைவலி என்று சீக்கிரம் கிளப்பிக்கொண்டு வந்ததுகூட ஞாபகம் இருந்தது.

"எனக்கு... அது ஞாபகம் இல்ல" என்றார்.

"அந்தக் கிடங்க இடிச்சு கார் நிறுத்தற எடம் கட்டிட்டாங்க" என்றாள் துப்பக்கா, யாரிடமோ சொல்வது மாதிரி. அடுத்த நோட்டை எடுக்கவில்லை.

சாயங்காலம் ரெண்டு பேரும் சமைக்கவில்லை. அந்த வாழைப்பழம் மேஜைமேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை கண்டக்டர் தனியாக ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடை திறந்திருக்காது என்று நினைத்துத்தான் போனார். திறந்திருந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. அவள் வாத்தியாரின் பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கிக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். கவுன்டருக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னார். தனக்குக் கேட்டதை, சொன்ன பொய்யை, ஏன் சொன்னார் என்பதை. ஏன் என்று சொல்லும்போது, அது காரணம் மாதிரியே இல்லை என்று அவருக்கே பட்டது.

மெஷின் ஓடி நின்றது. அவள் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அந்தக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"தெரியலம்மா."

"நான் ஏதாவது கேட்டுடறதுக்குள்ள போயிடுங்க" என்றாள். அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை டாக்டரிடம் போக வேண்டிய நாள். கண்டக்டர்தான் நடந்ததைச் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார் டாக்டர்.

"பதினோரு வருஷத்துல இப்படி எத்தனை தடவ சொல்லியிருக்கீங்க?"

"ஒண்ணு. இது ஒண்ணுதான் டாக்டர். எனக்குத் தெரிஞ்சு."

டாக்டர் துப்பக்காவைப் பார்த்தார்.

"ஒண்ணுங்கிறார்" என்றாள் அவள். "எழுதிக்கங்க. சரியா இல்லையான்னு கேக்கறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல. இருந்த ஒரே ஆள் அவர்தான்."

"போன்ல பதிவு பண்ணிப் பாக்கலாமே. சத்தம் கேக்கும்போது ரெக்கார்ட் போட்டுட்டா, அப்பறம் பொறுமையா போட்டுக் கேக்கலாம்."

"அத போட்டுக் கேக்கறதும் இதே காதுதானே டாக்டர்?"

டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார். நல்ல மனிதர்தான். இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார், ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம் என்றார். துப்பக்கா, "அத நேத்தே நிறுத்தியாச்சு" என்றாள். கண்டக்டருக்கே அப்போதுதான் தெரிந்தது.

கீழே மருந்து வாங்குகிற இடத்தில் கூட்டம். டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு அவள் உட்கார்ந்தாள். அவர் நெருங்கி உட்காரவில்லை. டோக்கன் அவள் கையில் இருந்தது, அறுபத்தொன்று. போர்டு வேலை செய்யவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அறுவத்தொண்ணு."

துப்பக்கா அசையவில்லை. டோக்கனைத் திருப்பிப் பார்த்தாள். கண்டக்டரின் வாய் தானாகத் திறந்தது. இந்த முறை அவள் கேட்காமலே சொல்லிவிட நினைத்தார். அவள் கையைக் கொஞ்சமாகத் தூக்கினாள், வேண்டாம் என்பது மாதிரி.

"அறுவத்தொண்ணு" என்று மறுபடி வந்தது.

அவள் அந்தப் பக்கம் திரும்பி, பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணிடம், புது ஊரில் வழி கேட்பவள் மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சாங்க? யாராவது ஏதாவது கூப்ட்டாங்களா?"

அந்தப் பெண் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"அறுவத்தொண்ணு இருக்கீங்களா, இல்லையா?"

துப்பக்கா நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். பென்சிலையும் எடுத்தாள். எழுதவில்லை. கண்டக்டர் எழுந்து அவள் விரல்களிலிருந்து டோக்கனை மெதுவாக வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அவள் தடுக்கவில்லை. அவர் திரும்பி வரும்வரை, உள்ளேயிருந்து வந்த எண்களை எல்லாம், தன் எண் முடிந்துபோன பிறகும், தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.